ஆர்சி புத்தகத்தில் இல்லாத ஓட்டுநர்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்னையில் ஓடும் ஆட்டோக்களில் கணிசமானவை ஓட்டுபவருக்குச் சொந்தமானவை அல்ல. அவை நாள் வாடகைக்கு எடுக்கப்படுபவை. கோவிட் பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு வண்டிக்கு நாளுக்கு 250 முதல் 350 ரூபாய் அளவில் வாடகை இருந்தது. பெட்ரோலோ கேஸோ ஓட்டுநர் செலவு. பஞ்சரும் சில்லறை ரிப்பேரும் பெரும்பாலும் அவர் தலையில் விழும். இன்ஜின் வேலை, எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றும் ஓனர் பொறுப்பு. இந்த ஏற்பாடு எதுவும் காகிதத்தில் இருப்பதில்லை. வண்டி எடுத்த நாளுக்கு வாடகை உண்டு, எடுக்காத நாளுக்கு இல்லை, ஒப்பந்தம் அவ்வளவுதான். சொந்த வண்டிக்காரர் வாடகை கொடுப்பதில்லை, ஆனால் மாதாமாதம் டியூ கட்ட வேண்டும். ஆட்டோவுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காததால் பலர் தனியார் ஃபைனான்ஸை நாடுகிறார்கள். கடன் தீரும்வரை ஆர்சி புத்தகம் அங்கேயே இருக்கும்.

ஷேர் ஆட்டோவின் கணக்கு வேறு. அதில் வருமானம் தலைக்கணக்கு. தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ வண்டி நிரம்பும்வரை நின்று, பெருந்தொற்றுக்கு முன் பத்தோ பதினைந்தோ ரூபாய் வீதம் வாங்கி ஓடிய அந்த வண்டிகளுக்கு, கடைசியாக ஏறும் இரண்டு பேர் கொடுக்கும் பணம்தான் லாபம். அதற்கு முன் ஏறியவர்களின் காசு எரிபொருளுக்கும் வாடகைக்கும் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டப்படி இவற்றின் பெர்மிட் ஒப்பந்த வாகனத்துக்கானது. புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒரே சவாரியை ஏற்றிச் செல்லலாம். வழியில் ஆள் ஏற்றி ஆள் இறக்கக் கூடாது. ஷேர் ஆட்டோ நாள் முழுவதும் செய்வதோ அதைத்தான். மாநகரப் பேருந்து போதாத இடங்களில் எல்லாம் அரசு இதைக் கண்டும் காணாமலும் விட்டுவைத்தது. அபராதம் மட்டும் அவ்வப்போது விழுந்தது. நெருக்கடி வந்தபோது, சட்டத்தின் கண்ணில் இல்லாத தொழிலுக்கு நிவாரணத்தின் கண்ணிலும் இடம் கிடைக்கவில்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஆட்டோக்கள் மருத்துவ அவசரத்துக்கு மட்டும் ஓடலாம் என்றிருந்தது. அவசரம் என்பதைச் சாலையில் நின்ற காவலர் தீர்மானித்தார். மருத்துவமனையில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் ஓட்டுநரிடம் காட்டுவதற்கு எந்தச் சான்றும் இருக்காது. வண்டியைப் பறிகொடுத்துவிட்டு நடந்து வீடு போனவர்கள் உண்டு. அதனால் அனுமதி இருந்த சவாரிக்கும் வண்டி எடுக்கப் பலர் தயங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மே 23 முதல், ஆட்டோ ஓட அனுமதி வந்தது. காலை 7 முதல் மாலை 7 வரை, ஒரே ஒரு பயணியோடு. சென்னைக் காவல் எல்லைக்கு அதுவும் இல்லை. மாநிலத்திலேயே ஆட்டோக்கள் அதிகம் உள்ள நகரம் ஜூன் 1 வரை காத்திருந்தது. அன்று இரண்டு பயணிகளை ஏற்றலாம் என்று திறந்த கதவு, ஜூன் 19 அன்று மறுபடி மூடப்பட்டது. சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் முழு ஊரடங்கு. அது ஜூலை 5 வரை நீண்டது. முதல் மூடலைவிட இந்த இரண்டாவது மூடல்தான் வாடகை ஓட்டுநர்களை அதிகம் உலுக்கியது. ஜூனில் வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவரவே அவர்கள் கடன் வாங்கியிருந்தார்கள். இரண்டு மாதம் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், டயர் படிந்திருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும். அந்தச் செலவை எடுப்பதற்குள் வண்டி மீண்டும் ஓரங்கட்டப்பட்டது.

ஷேர் ஆட்டோவுக்கு அனுமதியே ஒரு தண்டனைபோல் அமைந்தது. இரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நோய்த் தடுப்பின் பார்வையில் சரியான விதி. தலைக்கணக்கில் ஓடும் வண்டி இரண்டு தலையோடு ஓடினால் எரிபொருளுக்கே தேறாது. பயணி பழைய பத்து ரூபாயை நீட்டுவார், ஓட்டுநர் முப்பது கேட்பார், பேச்சு முற்றும். விதியை மீறி நாலு பேரை ஏற்றினால் அபராதம். பேருந்துகளில் இருக்கை குறைக்கப்பட்டபோது அந்த இழப்பை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தாங்கின. அவற்றின் பின்னால் கருவூலம் இருந்தது. ஷேர் ஆட்டோவில் குறைந்த இருக்கையின் விலையை ஓட்டுநரே தாங்க வேண்டியிருந்தது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை, சானிடைசர் புட்டி, முகக்கவசம் எல்லாம் அவர் செலவில்தான்.

அனுமதி வந்ததும் தொழில் வந்துவிட்டது என்ற எண்ணம் அரசாணைகளில் தெரிந்தது. ஆட்டோவின் சவாரி வேறு பல கதவுகள் திறந்திருப்பதைப் பொறுத்தது. மாநகரப் பேருந்து 2020 ஆகஸ்ட் கடைசிவரை ஓடவில்லை. மெட்ரோ செப்டம்பர் 7 அன்றுதான் திரும்பியது. கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலின் மையமாகி மே 5 அன்று மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போய் செப்டம்பர் இறுதியில் திரும்பியது. விடியற்காலையில் சந்தைக்கு வரும் சில்லறை வியாபாரிகளை நம்பியிருந்த ஸ்டாண்டுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வேலையே இல்லை. புறநகர் ரயிலில் அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்கள், நவம்பரில் பெண்கள் என்று படிப்படியாக அனுமதித்து, டிசம்பர் 23 முதல்தான் பொதுமக்களை ஏற்றினார்கள், அதுவும் நெரிசல் இல்லாத நேரங்களில். மாம்பலம், கிண்டி, பல்லாவரம் போன்ற நிலைய வாசல் ஸ்டாண்டுகளின் பிழைப்பு காலை மாலை நெரிசலில்தான் இருக்கிறது. மெரினா டிசம்பர் நடுவில் திறந்தது.

இவற்றுள் ஆகப் பெரிய இழப்பு, பேசப்பட்ட அளவில் ஆகச் சிறியதாகிப்போன இழப்பு, ஸ்கூல் சவாரி. வாடகையோ டியூவோ கட்டும் ஓட்டுநருக்கு மாதம் பிறந்தால் உறுதியாக வரும் பணம் அது ஒன்றுதான். ஐந்தாறு பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்துவந்தால், பெற்றோர் மாதத் தொகையாகக் கொடுப்பார்கள். ரோட்டுச் சவாரி ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஸ்கூல் சவாரிப் பணத்தை நம்பித்தான் டியூ தேதியை வைத்துக்கொள்வார்கள், வீட்டு வாடகைக்கு வாக்குக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரியில் திறந்து, மார்ச்சில் மறுபடி மூடின. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஆட்டோவில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்னப் பிள்ளைகளே. பெரிய வகுப்பு மாணவர்கள் சைக்கிளிலோ பேருந்திலோ போய்விடுவார்கள். ஆக, ஊரடங்கு நாட்கள் என்று அரசு கணக்கிட்டது சில மாதங்கள். ஸ்கூல் சவாரி இல்லாமல் போனது பத்தொன்பது மாதங்களுக்கு மேல். திறந்த பிறகும் சவாரி பழைய கைக்கே திரும்பியது என்று சொல்ல முடியாது. இடையில் அப்பாவோ அம்மாவோ ஸ்கூட்டர் வாங்கியிருந்தார்கள். சில வீடுகள் பிள்ளையைத் தனியார் பள்ளியிலிருந்து பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றியிருந்தன. அங்கே நடந்தே போகலாம்.

கடன் இந்தப் பத்தொன்பது மாதமும் காத்திருக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணைகளை மூன்று மாதம் தள்ளிப்போடக் கடன் நிறுவனங்களை அனுமதித்தது. மே 22 அன்று அந்தக் காலத்தை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அது அனுமதிதான், கட்டளை இல்லை. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். தெருமுனை ஃபைனான்ஸ்காரருக்கும் தண்டல்காரருக்கும் அந்தச் சுற்றறிக்கை ஒரு செய்தி, அவ்வளவே. தண்டல் என்பது நாள்வசூல் கடன். பத்தாயிரம் எழுதி, ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். நாள் வருமானக்காரருக்குப் பொருத்தமாகவே வடிவமைந்த கடன் அது. நாள் வருமானம் நின்றால் வடிவமும் உடைந்துவிடும். பழைய தண்டலை அடைக்கப் புதிய தண்டல் வாங்க வேண்டிவரும்.

ஒத்திவைப்பு கிடைத்தவர்களின் கணக்கும் பார்க்கத்தக்கது. ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் பாக்கி, ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால், ஆறு மாதம் தவணை கட்டாமல் இருந்ததற்குத் தனி வட்டி 13,500 ரூபாய். மாதந்தோறும் வட்டிக்கு வட்டி சேர்த்தால் 14,016 ரூபாய். வட்டிக்கு வட்டி வாங்குவது நியாயமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் நடந்தது. 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த வித்தியாசத்தைத் தானே திருப்பித் தருவதாக அறிவித்தது. வாகனக் கடனும் அதில் அடங்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்த வித்தியாசம் 516 ரூபாய். பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு கடனோடு சேர்ந்து நின்றது. நாடே கவனித்த வழக்கில் ஆட்டோக்காரர் பங்கு ஒரு நாள் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிருக்கும்.

வீட்டில் இருந்த நகை அடகுக்குப் போனது இந்தக் காலத்தில்தான். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, விவசாயம் சாராத நகைக் கடனுக்கு வங்கிகள் தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை தரலாம் என்று 2021 மார்ச் 31 வரை தளர்த்தியது. தங்கத்தின் விலையும் அப்போது உச்சத்தில் இருந்தது. அவசரப் பணத்துக்கு இது உதவியது உண்மை. மதிப்பில் பெரும்பகுதிக்குக் கடன் வாங்கியவர் மீட்பதற்கும் அவ்வளவு பணம் திரட்ட வேண்டும் என்பதும் உண்மை. தொழில் திரும்பாதவர்களின் நகை ஏலத்துக்குப் போனது.

வண்டியின் காகிதங்களுக்கு அரசு தாராளமாகவே நடந்துகொண்டது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எஃப்சி, பெர்மிட், உரிமம் முதலியவற்றின் காலாவதியை 2020 மார்ச் 30 அன்று முதன்முறை நீட்டித்தது. நீட்டிப்புகள் தொடர்ந்து 2021 அக்டோபர் 31 வரை சென்றன. இன்சூரன்ஸ் மட்டும் இந்தத் தாராளத்தில் சேரவில்லை. அதற்கு ஊரடங்கின் முதல் வாரங்களில் காலாவதியான பாலிசிகளுக்குப் பிரீமியம் கட்ட 2020 மே நடுப்பகுதிவரை அவகாசம் கொடுத்தார்கள், பிரீமியத்தைக் குறைக்கவில்லை. மூன்று பயணிகளை ஏற்றும் ஆட்டோவுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடே ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. தெருவில் ஓடாமல் வீட்டு வாசலில் நின்ற மாதங்களுக்கும் அந்தப் பிரீமியம் உண்டு.

இனி நிவாரணம். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா ரேஷன் பொருள்களும் அறிவித்தது. அதோடு, அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்த ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தனியாக 1,000 ரூபாயும், 15 கிலோ அரிசியும், ஒரு கிலோ பருப்பும், ஒரு கிலோ எண்ணெயும் தருவதாகச் சொன்னது. 2021இல் புதிய அரசு அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயை மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுத்தது. இவற்றில் ரேஷன் அட்டை வழியாகப் போனது ஏறத்தாழ எல்லோரையும் சேர்ந்தது. ஊரில் அட்டையை வைத்துவிட்டு நகரத்தில் அறை எடுத்துத் தங்கி ஓட்டியவர்களுக்குத்தான் அதில் சிக்கல். ஆனால் அட்டை ஒருவரைக் குடும்பத் தலைவராக மட்டுமே அறியும். தொழில் போனவருக்கும் சம்பளம் நிற்காதவருக்கும் அதில் வேறுபாடு கிடையாது. தொழிலை அறிந்த பட்டியல் நல வாரியத்தினுடையது. அதில் சேர்வது ஓட்டுநர் விருப்பம். விண்ணப்பம், சான்று, காலாகாலத்தில் புதுப்பிப்பு என்று அலைய வேண்டும். சங்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கம் செய்து கொடுக்கும். சங்கத்தில் இல்லாதவர், இரவு வண்டி ஓட்டுபவர், ஸ்டாண்ட் இல்லாமல் ரோட்டில் சுற்றுபவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

மற்ற மாநிலங்கள் வேறு பட்டியல்களைக் கையில் எடுத்தன. டெல்லி, பொதுச் சேவை வாகன பேட்ஜ் உள்ளவர்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. பேட்ஜ் ஓட்டுநரின் பெயரில் இருப்பது. வண்டி யாருடையது என்பது அதற்கு முக்கியமில்லை. வாடகை ஓட்டுநருக்கு ஓரளவு நெருங்கி வந்த திட்டம் அதுதான். ஆந்திரா தன் வாகன மித்ரா திட்டத்தின் 10,000 ரூபாயை 2020 ஜூன் 4 அன்றே, சில மாதங்கள் முன்கூட்டி வழங்கியது. தொகை பெரியது, ஆனால் சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு மட்டும். மகாராஷ்டிரா 2021 ஏப்ரலில் 1,500 ரூபாயை அறிவித்தது பெர்மிட் வைத்திருப்பவர்களுக்கு. பெர்மிட்காரர் வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் பணம் அவர் கணக்கில்தான் விழும்; ஓட்டியவருக்கு எதுவும் வராது. கர்நாடகா 2020 மே மாதம் 7.75 லட்சம் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்குத் தலா 5,000 ரூபாய் என்றது. அடுத்த ஆண்டு மே மாதம் 3,000 ரூபாய் அறிவித்தபோது பயனாளிகள் 2.10 லட்சம் என்று கணக்கிட்டது. ஓராண்டில் ஐந்தரை லட்சம் ஓட்டுநர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. இணையதளத்தில் உரிமத்தையும் வண்டி விவரத்தையும் ஆதாரையும் பொருத்திக் காட்ட முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இரண்டாவது எண் சொல்கிறது.

ஓட்டுநர் யார் என்ற பட்டியல் மங்கியதற்கு நல்ல நோக்கம் கொண்ட ஒரு சீர்திருத்தமும் காரணம். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் அதே வகை வாடகை வாகனத்தை ஓட்டத் தனி அங்கீகாரம் தேவையில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நடைமுறைப்படுத்தும்படி 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிப்படுத்தியது. ஆட்டோ, டாக்சித் தொழிலில் நுழைய நினைப்பவருக்குச் செலவும் புரோக்கர் தொல்லையும் குறைந்தன. கூடவே, பிழைப்புக்காக ஓட்டுபவர் யார், சொந்தக் காரில் அலுவலகம் போகிறவர் யார் என்பதை உரிமப் பதிவேடு பிரித்துக் காட்டுவதும் குறைந்தது. இன்றைய நிலையில் பெர்மிட் பதிவேடு ஓனரை அறியும். உரிமப் பதிவேடு எல்லோரையும் அறியும். வாரியப் பதிவேடு விண்ணப்பித்தவரை அறியும். நாள் வாடகை கொடுத்து ஓட்டுபவரை அறிந்த பதிவேடு அரசிடம் இல்லை. ஓனரின் டைரியில் இருக்கிறது.

எரிபொருளும் கட்டணமும் தொற்றோடு பிறந்த பிரச்சினைகள் இல்லை. ஆனால் தொற்றுக் காலத்தில் இரண்டும் சேர்ந்து நெருக்கின. 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. மே முதல் வாரத்தில் தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தியது. இரண்டு நாள் கழித்து ஒன்றிய அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 ரூபாய் உயர்த்தியது. சரிவின் பயன் பங்க் வரை வரவில்லை. 82 நாள் அசையாமல் இருந்த சில்லறை விலை ஜூன் 7 முதல் நாள்தோறும் ஏறத் தொடங்கியது. 2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநில அரசு மூன்று ரூபாய் குறைத்தது. இத்தனைக்கும் சட்டப்படியான ஆட்டோ கட்டணம் அப்போதும் 2013 ஆகஸ்டில் நிர்ணயித்ததாகவே இருந்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். கட்டணம் நிர்ணயித்தபோது பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது.  மீட்டர் கட்டணம் என்றதும் சென்னைவாசிக்குச் சிரிப்பு வரும். மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவை அவர் எப்போது கண்டார்? அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் எட்டாண்டு திருத்தப்படாத கட்டணத்தை எந்த ஓட்டுநரும் மதிக்கப் போவதில்லை. மதிக்கப்படாத கட்டணத்தைத் திருத்த எந்த அரசுக்கும் அவசரம் இருக்கப் போவதில்லை. பேரம் பேசித் தொகை வாங்குவதற்கும் பயணிகள் போட்டிபோட வேண்டும். 2020இல் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன, பயணி ஒருவர் வந்தார். பேரத்தில் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செயலி வழி வண்டிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல அதிகம் இல்லை. ஓலா, ஊபரில் சேர்ந்திருந்தவர்களும் இதே கஷ்டத்தையே பட்டார்கள், கார் டியூ பெரியது என்பதால் சற்றுக் கூடுதலாக. முகம் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்து எழுந்த பின்சீட்டைவிட இருசக்கர வாகனமே பாதுகாப்பு என்று பயணிகள் நினைத்ததும், பிறகு பைக் டாக்சி பரவியதும் நெருக்கடி முடிந்த பின்னும் நீடித்த மாற்றங்கள்.

இரண்டாம் அலையில் 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. மே 24 முதல் காய்கறிக் கடைகளும் மூடப்பட்டு, வீதிவீதியாக வாகனங்களில் காய்கறி விற்கத் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் ஏற்பாடு செய்தன. தாங்களாகவே ஆட்டோவில் தக்காளி, வெங்காயம் ஏற்றி விற்ற ஓட்டுநர்களும் இருந்தார்கள். பயணியர் பெர்மிட் உள்ள வண்டியில் சரக்கு ஏற்றுவது விதிமீறல் என்பதால், அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விற்றவருக்கு அபராத பயம் கூடவே இருந்தது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில், படுக்கை கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு ஆக்சிஜன் பொருத்திய ஆட்டோ நின்றதும் அந்த மே மாதத்தில்தான். ஜூன் 7 முதல், பயணத்துக்கு முன் இணையத்தில் செய்யும் இ-பதிவோடு இரண்டு பயணிகளை ஏற்ற ஆட்டோக்களுக்கு அனுமதி கிடைத்தது. பக்கத்துத் தெருவிலிருந்து மருந்துக் கடைக்குப் போக நினைப்பவர் இ-பதிவு செய்துவிட்டு ஆட்டோவைக் கைகாட்டுவார் என்று எண்ணியவர்கள் ஆட்டோவில் ஏறி நாளாகியிருக்க வேண்டும்.

அதே மே மாதம் 8ஆம் தேதி சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் ஜூன் 21 அன்று பேருந்துகள் திரும்பியதும் அதன் விளைவு ஷேர் ஆட்டோக்களில் தெரிந்தது. வீட்டுவேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்கள்தான் பல தடங்களில் அவற்றின் நிரந்தரப் பயணிகள். அந்தப் பெண்களுக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகியது. ஊரடங்கில் வேலை இழந்தவர்களில் அவர்களும் உண்டு. திட்டம் நல்ல திட்டம். அதைக் குறை சொல்ல இந்த மடலுக்கு நோக்கமில்லை. ஆனால் கடைசி இரண்டு இருக்கையில்தான் லாபம் என்றிருந்த தொழிலில் அந்த இரண்டு இருக்கைகள் காலியானபோது, ஓட்டியவர்கள் யார், எத்தனை பேர் என்று கேட்கக்கூட அரசிடம் வழி இருக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை என்பதற்குத் தெருவோர வியாபாரிகள் சான்று. 2020 ஜூன் 1 அன்று ஒன்றிய அரசு அவர்களுக்காக பிஎம் ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கி, பிணையில்லாமல் 10,000 ரூபாய் வரை கடன் கொடுத்தது. ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதத்தில் அப்படி ஒரு திட்டம் வர முடிந்ததற்குக் காரணம், 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு ஊரிலும் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும் என்று அந்தச் சட்டம் உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்துகிறது. கணக்கெடுப்பு பல ஊர்களில் அரைகுறைதான். ஆனாலும் தள்ளுவண்டி யாருடையது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அங்கே நின்று விற்பவர் யார் என்று கேட்கிறது. 2021 ஆகஸ்ட் 26 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் தளம் எல்லா அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் பொதுவானது. அதில் பதிவது தொழிலாளியின் வேலை. கணக்கெடுப்பில் தேடிப் போவது அரசின் வேலை.

ஆட்டோ, ஷேர் ஆட்டோ, வேன் ஓட்டுநர்களுக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பைச் சட்டமாக்கும் அதிகாரம் இம்மன்றத்துக்கு உண்டு. ஸ்டாண்டிலும், ஷேர் ஆட்டோ புறப்படும் இடங்களிலும், பள்ளி வாசல்களிலும், இரவு நேரத்தில் ரயில் நிலைய வாசல்களிலும் எடுக்க வேண்டிய கணக்கு அது. பெயர், உரிம எண், ஓட்டும் வண்டியின் எண், வண்டி சொந்தமா வாடகையா, ஸ்கூல் சவாரி உண்டா, எந்தத் தடம் என்பவை போதும். ஓனர் சான்று தர வேண்டும் என்று வைத்தால் வாடகை ஓட்டுநர் மறுபடி வெளியேதான் நிற்பார். கேட்டால் ஓனர் வண்டியைத் தரமாட்டார் என்ற பயம் அவருக்கு இருக்கும். அதனால் அந்தத் தடத்தில் ஓட்டும் மற்ற இரண்டு ஓட்டுநர்களின் சாட்சியமே போதுமானதாக இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் தான் ஓட்டும் தடத்தைச் சொன்னால் அதை பெர்மிட் மீறலுக்கான ஒப்புதலாகப் பயன்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் யாரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை. பட்டியலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வைத்துக்கொள்வதா, நல வாரியம் வைத்துக்கொள்வதா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். போக்குவரத்து அலுவலகத்தில் அபராதப் பதிவும் இருப்பதால், ஓட்டுநர்கள் தயக்கமில்லாமல் பெயர் கொடுக்க வாரியமே ஏற்ற இடம்.